அங்கம்மாவுக்கு விழுந்த வெள்ளைப் பூ

செய்தி வந்தபோது நான் ஒரு பொய் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனையில் என் டிஸ்பென்சரி வாசலில் வழக்கம்போலக் காலை வரிசை நின்றது. முதலாவதாக நின்ற பெண், கணவனின் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நல்லாயிருவாருங்களாய்யா?” என்று கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். அந்த நேரத்தில்தான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்ட லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். அவிழ்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, கேதம் சொல்ல வந்திருக்கிறார் என்று.

“பிள்ளைக்காம்பரா அங்கம்மா தவறிட்டாங்கய்யா. விடியக்காலம். உங்களுக்கு மொதல்ல சொல்லச் சொன்னாரு கருப்பையாண்ணன்.”

கையிலிருந்த மருந்துக் குப்பியைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு அதே லாரியில் ஏறிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. வழி நெடுக என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்று பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு அங்கம்மா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவர் கையால் பால் குடித்தவர்கள். ஆனால் கொழும்பு ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன நடந்தது என்பது அவர் கணவர் கருப்பையாவையும் என்னையும் தவிர இங்கே யாருக்கும் முழுதாகத் தெரியாது. “நான் இருக்கும்போது சொல்லாதீங்க. போனப்புறம் சொல்லிருங்க” என்று அங்கம்மா என்னிடம் சொல்லியிருந்தார். நின்று பேச எனக்குக் குரல் வராது. அதனால் எழுதி, பள்ளிக்கூட வாத்தியாரிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். இதில் எனக்குப் பெருமை தரக்கூடியது ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தோட்டத்துக்கு டிஸ்பென்சராக வந்த புதிதில், பிள்ளைக்காம்பரா எனக்குக் கட்டாயம் போக வேண்டிய இடங்களில் ஒன்றாக மட்டுமே இருந்தது. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற அந்த நீண்ட அறையில், சேலைத் தொட்டில்களுக்கு நடுவே அங்கம்மா உட்கார்ந்திருப்பார். பிஸ்கட் குறைவாக வந்த நாளில் அதை நகத்தால் கீறி, நூல் பிடித்தாற்போல இரண்டாக உடைப்பார். எந்தப் பாதி பெரிது என்று எந்தப் பிள்ளையாலும் அழ முடியாது. “பங்கு வைக்கிறதுன்னா சரியா வைக்கணும், டாக்டரையா. இல்லேன்னா நானே முழுங்கிட்டுப் போயிரலாம்” என்பார்.

தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை ஒரு நாள் பார்வையிட வந்தார். பதிவில் இருந்ததைவிட நாலு பிள்ளைகள் கூடுதலாக இருந்தார்கள். வேலையிலிருந்து பேர் வெட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அவர்கள். இவர்களுக்கு எப்படிப் பால் ஊற்றலாம் என்று தொரை இங்கிலீஷில் கத்த, நான் தமிழில் கேட்டேன். அங்கம்மா அகப்பையைக் கீழே வைக்காமலே, “பேருதானே வெட்டினாரு, வயித்தையுமா வெட்டினாருன்னு கேளுங்க” என்றார். நான் தொரையிடம் திரும்பி, “இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள்” என்றேன். தொரை தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பால் வழக்கம்போல ஓடியது. அன்று மாலை லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு, என் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது. இரண்டு பேருக்கு நடுவே நின்று பேசுகிறவன் நல்ல எண்ணத்தோடு கொஞ்சம் மாற்றிச் சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்று அன்றைக்கு நான் படித்துக்கொண்டேன்.

அங்கம்மா மட்டும் என்னை வேறு விதமாகப் படித்து வைத்திருந்தார். என் டிஸ்பென்சரியில் அப்போது பெரிய ஜாடி ஒன்றில் ரோஸ் நிற மருந்து இருக்கும். தலைவலிக்கு அதைத்தான் கொடுப்பேன், வயிற்றுப் பொருமலுக்கும் அதைத்தான் கொடுப்பேன். “இது வேற மருந்தா?” என்று யாராவது கேட்டால், “வேறதான்” என்பேன். பிரசவம் பார்க்க வரும் மருத்துவச்சியிடம் அங்கம்மா சொன்னது என் காதிலேயே விழுந்தது: “டாக்டரையா பொய் சொல்றதுக்கு முன்னாடி கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாரு. பாத்து வச்சுக்க.” அதன் பிறகு சில நாள் கண்ணாடியைத் தொடாமல் இருக்கப் பார்த்தேன். பழகின கை கேட்கவில்லை.

வாய்ப்புண் என்று அவர் என்னிடம் வந்தது ஒரு மழைக்காலத் தொடக்கத்தில். இடது கன்னத்தின் உட்புறம், வெற்றிலையையும் புகையிலையையும் ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், ஓரம் தடித்த ஒரு புண். நான் ஊதா மருந்து தடவினேன். மூன்று வாரம் தடவினேன். ஆறவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவர்கள் ஒரு சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, பிறகு கொழும்புப் பக்கத்தில் இந்த நோய்க்கென்றே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கருப்பையா கேட்டார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நாள் முழுக்கப் பேசாமல் வேலை செய்கிற மனிதர். அவர் ஒன்று கேட்டாலே பெரிய காரியம். “ஆறாத புண்ணு, பெரிய இடத்துல பாக்கணும்” என்றேன். புற்றுநோய் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அதை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் இல்லை. அங்கம்மா என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகலையில் காலை ரயில் ஏறி மூவரும் போனோம். ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கிளார்க் விவரம் எழுதினார். எந்த நாட்டுப் பிரஜை என்று ஒரு கேள்வி. இங்கே பிறந்தும் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் என்பதை அவருக்கு நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். “பரவாயில்ல, புண்ணு அதெல்லாம் கேக்காமத்தான் வந்துச்சு” என்றார் அங்கம்மா. அப்போதும் அவரால் சிரிக்க முடிந்தது.

பிறகு பெரிய டாக்டரிடம் போனோம். சீமையில் படித்துவிட்டு வந்த சிங்களவர். நிதானமாகப் பேசுகிறவர். அவர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னதை இன்றைக்கும் ஒரு சொல் தவறாமல் என்னால் சொல்ல முடியும். “இந்தப் புண்ணுக்குக் கதிர்வீச்சு, உங்கள் ஆட்கள் சொல்லும் கரண்டு வைப்பது, வழக்கமான சிகிச்சை. இப்போது எங்களிடம் ஒரு புது மாத்திரை இருக்கிறது. கரண்டோடு சேர்த்து அதைக் கொடுத்தால் நல்லது செய்யுமா, கெடுதல் செய்யுமா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் சிலருக்கு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறோம், சிலருக்குக் கரண்டு மட்டும் வைக்கிறோம். யாருக்கு எது என்பதை நான் தீர்மானிப்பதில்லை; ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. அவளுக்கு விருப்பமில்லையென்றால் வழக்கமான சிகிச்சை எப்படியும் உண்டு. எங்களுக்குத் தெரியாது என்பதை அவளுக்கு நன்றாகப் புரியவையுங்கள்.”

நான் அங்கம்மாவைப் பார்த்தேன். கன்னம் வீங்கி, சேலைத் தலைப்பால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலேறி இத்தனை தூரம் வந்தவரிடம் பெரிய டாக்டருக்கே தெரியாதாம் என்று எப்படிச் சொல்வது? என் டிஸ்பென்சரியில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது. சொன்னால் மறுநாள் ஒருவரும் மருந்துக்கு வர மாட்டார்கள் என்பது என் நினைப்பு. அவருக்குத் தைரியம் கொடுக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

“அங்கம்மா, சீமையில இருந்து ஒரு நல்ல மருந்து வந்திருக்காம். எல்லாருக்கும் கெடைக்காதாம். யாருக்குங்கிறது கவருக்குள்ள இருக்கு. நம்ம மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்கிறோமில்ல, அது மாதிரி. வெள்ளப் பூ வந்தா உனக்கு மருந்து.”

“செவப்பு வந்தா?”

“வரட்டும், பாப்போம்” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

உங்களுக்குத் தெரியும், நம் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இலையில் பொதிந்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை விழுந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு விழுந்தால் கல்யாணத்தையே நிறுத்தியவர்கள் நாம். ஒன்று நல்லது, மற்றது கெட்டது. டாக்டருடைய உறையில் அப்படி நல்லதும் கெட்டதும் கிடையாது. எது நல்லது என்று தெரியாமல்தானே அதை ஒட்டியே வைத்திருந்தார்கள். அந்த ஓர் உவமையால் நான் ஓர் உறையை உயிராகவும் மற்றதைச் சாவாகவும் ஆக்கிவிட்டேன். “அவளுக்குப் புரிந்ததா?” என்று டாக்டர் கேட்டார். “நன்றாகப் புரிந்தது” என்றேன். அங்கம்மா தாளில் கைநாட்டு வைத்தார்.

நர்ஸ் உறையைப் பிரித்தார். மாத்திரை உண்டு என்று வந்தது. அங்கம்மா அந்தக் காலி உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு அடுத்து ஒரு சிங்களப் பெண். பெயர் சோமாவதி; கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமம்; முப்பது வயது இருக்கும்; நாக்கில் புண். அவருக்கு டாக்டரே சிங்களத்தில் எல்லாவற்றையும் நேராகச் சொல்லியிருந்தார். அவருடைய உறையில் கரண்டு மட்டும் என்று இருந்தது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். அங்கம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ளைக்குச் செவப்பா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். திருத்திச் சொல்ல அது எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம். அதையும் விட்டேன்.

ஐந்து வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். அங்கம்மாவின் கன்னம் கரண்டில் கறுத்து, வாய் முழுக்கக் கொப்புளமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. மத்தியான வெயிலில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு சொல்லாக, வலியோடு சொன்னார்.

“சோமா செத்துப் போச்சு, டாக்டரையா. முந்தாநாளு பொட்டியில வச்சுக் கொண்டு போயிட்டாங்க.”

நோய் முற்றியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ரெண்டு மாத்திர குடுப்பாங்க. ஒண்ண நான் முழுங்குவேன். ஒண்ண அது கையில வச்சிருவேன். மொத நாளு அது வாங்கல. டாக்டருக்கே தெரியாதாமே அக்கேன்னு சொல்லுச்சு. நான்தான், எங்க டாக்டரையா சொன்னாரு, அது நல்ல மருந்துன்னு சொன்னாரு, பயவென்ன எப்பா நங்கின்னு சொல்லி...” அவருக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களம் அது. பயப்படாதே தங்கச்சி என்று தைரியம் சொல்லி, தினமும் காலையில் பங்கு வைத்திருக்கிறார். “பக்கத்துக் கட்டில்ல ஒரு புள்ளையச் சும்மா படுக்கப் போட்டுட்டு நான் மட்டும் எப்படி முழுங்குறது?”

நாலாவது வாரம் சோமாவதிக்கு வாயெல்லாம் வெந்து, காய்ச்சல் வந்து, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயிருக்கின்றன. மாத்திரை சாப்பிடாதவளுக்கு ஏன் இப்படி என்று டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசியிருக்கிறார்கள். அங்கம்மா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அது நல்ல மருந்துதானே, டாக்டரையா?”

என் கை கண்ணாடிக்குப் போனது. அவர் அந்தக் கையையே பார்த்தார். நான் கையை இறக்கினேன். டாக்டர் சொன்னதை முதல் முறையாக அப்படியே சொன்னேன். நல்லதா கெட்டதா என்று அவர்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளத்தான் கொடுத்தார்கள்; இதை உன்னிடம் சொல்லச் சொன்னார்கள்; நான் சொல்லவில்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கொப்புள வாயைத் திறந்து என்னைக் கேட்டார்: “தெரியாதுன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல உங்களுக்கு என்ன வலிச்சுச்சு? வலிக்கிற வாய் என்னுதுல்ல?”

நான் அழுதேன். இவ்வளவு வயதில், கோட்டும் சூட்டுமாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. “அன்னைக்கு நீங்க கண்ணாடியத் தொடைச்சதப் பாத்தேன். நான் பொழைக்க மாட்டேன், அத மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். மருந்தப் பத்திப் பொய் சொல்வீங்கன்னு நெனைக்கல” என்றார். பிறகு எழுந்தார். “வாங்க, பெரிய டாக்டர்ட்டப் போவோம்.”

எதற்கு என்று கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் அவரை ஆஸ்பத்திரியை விட்டே அனுப்பிவிடுவார்கள், பாதியில் நிற்கும் சிகிச்சை போய்விடும், போலீஸ்கூட வரலாம் என்றேன். என் குட்டு உடையும் என்ற பயமும் உள்ளே இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. “அவங்க தாள்ல சோமா மாத்திர சாப்பிடலன்னு எழுதியிருக்கு. அது பொய்யில்லையா? அத வச்சு நாளைக்கு வேற ஒருத்திக்குக் குடுப்பாங்கல்ல?” என்றார். எந்தப் பள்ளிக்கூடமும் போகாத அந்த மனுஷிக்கு ஒரு பரிசோதனை எதற்கு என்று என்னைவிட நன்றாகப் புரிந்திருந்தது. நான் சொல்லிக்கொடுக்காமலே புரிந்திருந்தது.

டாக்டர் அறை வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் கூட்டாதீங்க. கண்ணாடியத் தொடாதீங்க.”

அப்படியே சொன்னேன். அவர் சொன்னதை முடித்துவிட்டு என் பங்கையும் சொன்னேன். டாக்டர் என்னை ஏசியிருக்கலாம். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். “உங்களை நம்பினேன்” என்று மட்டும் சொன்னார். அங்கம்மா, “என் மாத்திரதான் அதக் கொன்னுச்சான்னு கேளுங்க” என்றார். கேட்டேன். டாக்டர் திரும்பி அங்கம்மாவின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் புரியட்டும் என்று சிங்களத்திலேயே மெதுவாகச் சொன்னார். “தெரியாது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி ஒருபோதும் தெரிய வராது.”

வெளியே வந்ததும் அங்கம்மா சொன்னார்: “பாத்தீங்களா, எவ்வளவு படிச்சவரு. தெரியாதுன்னு சொல்றதுக்கு அவருக்கு வெக்கமே இல்ல.” அன்றுவரை நான் அவரை நீ என்றுதான் பேசி வந்தேன். தோட்டத்து உத்தியோகத்தர்களின் பழக்கம் அது. அன்றிலிருந்து என்னால் அப்படிக் கூப்பிட முடியவில்லை.

அவரை ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பவில்லை. மாத்திரையை நிறுத்தி, கரண்டை முடித்தார்கள். அவருடைய தாளும் சோமாவதியின் தாளும் பரிசோதனைக்கு உதவாது என்று தனியே எடுத்து வைக்கப்பட்டன. வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம், கினிகத்தேனைக்குப் போக வேண்டும் என்பது. ஹட்டனில் பஸ் ஏறினோம். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார். சோமாவதியின் தாய் முற்றத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அந்தத் தாய் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து, அங்கம்மா திண்ணையில் வைத்திருந்த பழச் சீப்பை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றோம். யாரும் வரவில்லை. பஸ்ஸில் அந்தச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டே கொட்டகலை வரை வந்தார். “அவங்க செஞ்சது சரிதான்” என்றார்.

மறுபடி பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். ஒட்டிய கன்னத்தைத் தலைப்பால் மூடிக்கொள்வார். பிள்ளைகள் இரண்டே நாளில் அந்த முகத்துக்குப் பழகிவிட்டார்கள். ஆனால் உங்களில் யாராவது கவனித்திருப்பீர்களோ என்னவோ, அதன் பிறகு அவர் எதையும் இரண்டாக உடைக்கவில்லை. பிஸ்கட் குறைந்தால், இருக்கும் பிஸ்கட்டை டின்னிலேயே மூடி வைத்துவிட்டு, கடைக்கு ஆளனுப்பி, வரும்வரை பிள்ளைகளை அழ விடுவார். “ஆயாவுக்கு வயசாயிட்டு, கோவம் வருது” என்று தாய்மார் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். அந்த டின்னைப் பார்க்க முடியாமல் நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் தாள் கணக்கில் இல்லை, டிக்கோயாவிலேயே காட்டினால் போதும் என்று டாக்டரே சொன்ன பிறகும், கருப்பையாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கே போனார். ஏன் என்று கேட்டேன். “அந்த மாத்திர நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியலியாம். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு வாறேன். தெரிஞ்சா சோமா வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லணும்” என்றார். இரண்டு வருஷம் கேட்டார். இரண்டு வருஷமும் தெரியாது என்றே பதில் வந்தது.

எனக்கு அக்கரப்பத்தனைக்கு மாற்றல் வந்த பிறகு, கழுத்தில் கட்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கடைசியாக ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பார்த்தேன். வீட்டு வாசலில் வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பேச்சு நின்றுவிட்டது. கருப்பையா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். அங்கம்மா என்னைப் பார்த்ததும் மலையடியில் மாரியம்மன் கோயில் பக்கம் கையைக் காட்டி, கொடி ஏறுவதுபோல விரலை உயர்த்தி, தன் நெஞ்சைத் தொட்டார். திருவிழாக் கொடியேற்றம் பார்க்க நான் இருப்பேனா என்று கேட்கிறார். கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. கழுத்தைப் பார்த்த எனக்கு அது கிடையாது என்று பட்டது. கருப்பையா கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

என் கை கண்ணாடிக்குப் போய்விட்டது. அத்தனைக்குப் பிறகும் போய்விட்டது. அங்கம்மா எட்டி, என் முகத்திலிருந்து கண்ணாடியை மெதுவாகக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது.

“நாள் இருக்கும்னு எனக்குத் தோணல, அங்கம்மா” என்றேன். “ஆனா தெரியாது. நெசமாத் தெரியாது.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து போகும்வரை கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. என்னை மன்னித்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. கொடி ஏறுவதற்கு ஒன்பது நாள் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து மறுநாள் காலை நான் அக்கரப்பத்தனைக்குத் திரும்பினேன். டிஸ்பென்சரி இன்னும் திறக்கவில்லை. எக்ஸ்ரே உறையோடு அதே பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டாள்: “நல்லாயிருவாருங்களாய்யா?”

அங்கம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பொருள் எதுவும் இல்லை. ஒரு வார்த்தை. அதற்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். சோமாவதி கொடுத்த விலையும் தெரியும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“தெரியாதும்மா” என்றேன். “டிக்கோயாவுக்குக் கொண்டு போவோம். நானும் வாறேன்.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.